வெளிநாட்டு நிதி டிசம்பரோடு முடிகிறது. இந்த வேலையை யார் கையில் கொடுப்பது?

செம்மண் எழுதியது:

வணக்கம். இலங்கையின் வடக்கில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கள இணைப்பாளராக இருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு வெளிநாட்டு நிதியில் காசநோய் வேலை செய்கிறோம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் உள்ளவர்களை ஊர் ஊராகப் போய்த் தேடிக் கண்டுபிடிப்போம். சளி மாதிரியை எடுத்து மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் கொடுப்போம். நோய் உறுதியானால் ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம். பிறகு ஆறு மாதமும் மருந்தைத் தவறாமல் எடுக்கிறாரா என்று பார்ப்போம். ஒன்பது தொண்டர்கள், மூன்று மோட்டார் சைக்கிள்கள், ஒரு கணினி. எங்கள் படை இவ்வளவுதான்.

நிதி டிசம்பரோடு முடிகிறது, நீடிப்பு இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. "அரசிடம் கையளியுங்கள்" என்று அதில் ஒரு வரி இருந்தது. போன மாதம் கையளிப்புக் கூட்டம் என்று ஒன்றும் வைத்தோம். சுகாதார வைத்திய அதிகாரி நல்லவர். எங்கள் வேலையின் அருமை தெரிந்தவர். ஆனால் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "பிள்ளை, எனக்கு ஆளணி இல்லை, வாகனம் இல்லை, இருக்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு டெங்கு வேலையே தலைக்கு மேல். எதை வைத்து நான் பொறுப்பெடுப்பது?"

எங்கள் பட்டியலில் ஒரு பெரியவர் இருக்கிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார், கண் பார்வை குறைவு. செப்டெம்பரில்தான் மருந்து தொடங்கியது, பெப்ரவரி முடியும் வரை எடுக்க வேண்டும். எங்கள் தொண்டர் ஒருவர் போய் மருந்தைக் கையில் கொடுத்தால்தான் எடுப்பார். ஜனவரி முதலாம் திகதி அவர் வீட்டுக்கு யார் போவது?

இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் எது நிலைத்தது, எது போனது?

நல்லூரான் எழுதியது:

தங்கச்சி, இன்னொரு நிதி தேடுவதுதான் வழி. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிறவர்கள் இதற்கும் அனுப்புவார்கள். ஒன்பது தொண்டர்களின் கொடுப்பனவு அவர்களுக்குப் பெரிய தொகை இல்லை. முன்மொழிவு எழுத உதவி தேவை என்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

குளக்கட்டு எழுதியது:

பிள்ளை, கேள்வியின் கடைசியில் அந்தப் பெரியவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, பதிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன் நான் பார்த்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1988-இல் மலேரியா வேலைக்கு, மருந்து விசிறும் ஆளாகச் சேர்ந்தவன் நான். பிறகு பூச்சியியல் பக்கம் மாறினேன். 2019-இல் ஓய்வு. வேலை செய்தது பெரும்பாலும் வன்னியில். மாட்டை வலைக்குள் கட்டிவைத்து, விடியுமுன் போய் வலையில் ஒதுங்கியிருக்கும் நுளம்புகளைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து எண்ணுவோம். அருவியாற்றுக் குட்டைகளில் அகப்பை விட்டு நுளம்புக் குடம்பி (புழு) தேடுவோம். முப்பது வருடம் இதுதான் வேலை.

எனக்குப் பழக்கிய மூத்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 1934-35 கொள்ளைநோயில் இந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவில் செத்தார்கள். 1940-களின் நடுவில் டி.டி.ரி என்ற பூச்சிகொல்லி வந்தது. 1958-இல் முழு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அமெரிக்க உதவியும் இருந்தது, உலக சுகாதார நிறுவனமும் கூட நின்றது. 1963-இல் நாடு முழுக்க எத்தனை பேருக்கு மலேரியா தெரியுமா? 17 பேர். அதிலும் 11 பேர் வெளியிலிருந்து கொண்டுவந்தவர்கள். அதைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 17 பேருக்காக இவ்வளவு ஆளும் செலவும் எதற்கு என்று அன்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நேரம் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் நுளம்பு எங்கேயும் போயிருக்கவில்லை. மழை பொய்த்து ஆறு வற்றினால் மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும். எங்கள் மலேரியா நுளம்பு பெருகுவது அதில்தான். எலஹெரப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டிய குழிகளிலும் தண்ணீர் நின்றது. ஊர் ஊரிலிருந்து ஆட்கள் போய் அங்கே கிடந்தார்கள். 1967-இல் தொடங்கிய நோய் 1969-இல் உச்சத்துக்குப் போனது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல்.

ஆறு வருடத்தில் 17 பேர் 5 இலட்சமானார்கள். காசு நின்றதால் மட்டும் வந்த வினை இல்லை இது. பார்ப்பதை யாருடைய அன்றாட வேலையாகவும் விட்டுவைக்காததால் வந்தது. நோய் பூச்சியத்துக்குப் போனால், அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்கான ஆதாரமும் அதோடு போய்விடுகிறது. கொடையாளர்களும் வருமானத்தையும் நோய்ச் சுமையையும் பார்த்துத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். நீங்கள் நன்றாக வேலை செய்தால் உங்களுக்கான நிதி குறையும். இதைத் தொடங்கும் அன்றே தெரிந்துவைத்திருக்க வேண்டும். எங்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சரி, இரண்டாவது தடவை. 1999-இல் நாட்டில் 264,000-க்கு மேற்பட்ட நோயாளர்கள். போர் நடந்த வடக்கு கிழக்கில்தான் சுமை அதிகம். 2003 அளவில், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு உதவும் சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் பணம் வரத் தொடங்கியது. மருந்தூட்டிய வலைகள், நுணுக்குக்காட்டிகள், நடமாடும் பரிசோதனைக் குழுக்கள், ஒப்பந்த ஊழியர்கள் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. நானும் அந்த வண்டிகளில் போனவன், அதன் அருமை தெரியும். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அன்றைக்கு நான் அழுதேன். எங்கள் காலத்தில் செத்த பிள்ளைகளின் முகங்கள் ஞாபகம் வந்தன.

இந்தத் தடவை பணம் குறைந்தபோது ஏன் 1967 திரும்பவில்லை? அடிமரம் ஏற்கெனவே அரசினுடையது. 1989-இல் மலேரியா வேலை மாகாணங்களுக்குப் பிரிக்கப்பட்டபோதே பிராந்திய மலேரியா அதிகாரி, பூச்சியியல் ஆட்கள், விசிறும் ஆட்கள் என்று சம்பளப் பட்டியலில் நிரந்தரமானவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுப் பணம் அந்த மரத்தில் ஏறிப் படர்ந்த கொடி. கொடியை அறுத்தபோது மரம் நின்றது.

ஆனால் கொடியோடு போனதும் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நான் இருந்த மாவட்டத்தில் வெளிநாட்டு நிதியில் ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) நடமாடும் இரத்தப் பரிசோதனை நடத்தியது. அதில் ஓர் இளம் பெண், நுணுக்குக்காட்டியில் மிகக் கெட்டிக்காரி. அதைவிடப் பெரிய விசயம், அந்தப் பிள்ளையிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. எந்தக் கல் உடைக்கும் இடத்தில் இந்தியத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எந்த ஊரில் குடியேறியிருக்கின்றன, எந்த வீட்டுப் பையன் ஆபிரிக்காவில் வேலைக்குப் போய் எப்போது விடுமுறையில் வருகிறான், காய்ச்சல் வந்தால் எந்தக் கடைக்காரர் தகவல் சொல்வார். எல்லாம் தொலைபேசி எண்ணோடு அதில் இருந்தது. திட்டம் முடிந்தபோது அமைப்பு பெட்டி பெட்டியாக அறிக்கைகளைக் கையளித்தது. எல்லாம் முடிந்த வேலையின் கணக்கு. கொப்பியை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையும் வீட்டுக்குப் போய்விட்டது. மோட்டார் சைக்கிள்களின் பதிவுப் புத்தகம் அமைப்பின் பெயரிலேயே இருந்ததால் ஒருவரும் தொட முடியவில்லை. இரண்டு மாரி மழையில் நனைந்து சங்கிலி இறுகும் வரை அவை மதிலோரமாகவே நின்றன.

மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனேன். தாய் தேநீர் தந்தார். இரண்டு பின்னேரம் திண்ணையில் இருந்து கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினேன். பாதி எண்கள் மாறியிருந்தன. மீதிப் பாதியில் கிடைத்தவர்களை வைத்துத்தான் அடுத்த வருடங்களில் வெளியூரால் வந்தவர்களின் இரத்தம் எடுத்தோம்.

அந்தக் கொப்பி ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சான்றிதழ் கிடைத்த பிறகும் வருடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது பேர் வெளிநாட்டில் தொற்றிய மலேரியாவோடு வருகிறார்கள். 2018 டிசம்பரில் மொனராகலையில் ஓர் இந்தியத் தொழிலாளியிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்த் தொழிலாளி ஒருவருக்குத் தொற்றியது. சான்றிதழுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. காய்ச்சல் என்றதும் யாரோ ஒருவர் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார், அதனால் அங்கேயே நின்றது. அதோடு, 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புது நுளம்பு கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. சான்றிதழ் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆற்றுக் குட்டைக்குக் காத்திருக்காமல் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும் இனம் அது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். வேலை முடிந்தது என்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இதை யார் கண்டிருப்பார்கள்?

நல்லூரான் சொல்வது நல்ல மனதோடுதான். ஊர்ச் சங்கப் பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அது இன்னொரு கொடி. இரண்டு வருடத்தில் இதே கேள்வியை இங்கே மறுபடியும் எழுத வேண்டி வரும்.

வைகைக்கரை எழுதியது:

நான் தமிழ்நாடு, மதுரைப் பக்கம். எய்ட்ஸ் தடுப்பில் பதினைந்து வருடம் களப்பணியாளராக இருந்தேன். குளக்கட்டு ஐயா எழுதிய நீலக் கொப்பியைப் படித்ததும் எங்கள் பெண்கள் ஞாபகம் வந்தார்கள்.

சென்னையில் 1986-இல் முதன்முதலாக எச்ஐவி கண்டறிந்தார்கள். 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது. 1995-இலிருந்து அமெரிக்க உதவிப் பணத்தில் அபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், 2003-இலிருந்து கேட்ஸ் அறக்கட்டளையின் அவஹான் என்ற தடுப்புத் திட்டம். பணம் தாராளமாக வந்த காலம். எங்களில் சக பணியாளர்களாக இருந்த பெண்கள் பாலியல் தொழிலிலிருந்தே வந்தவர்கள். எந்தத் தெருவில் யார் நிற்கிறார், யாருக்குப் போலீஸ் தொல்லை, யார் ஊர் மாறிப் போனார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அவஹான் ஒரு விஷயத்தை நன்றாகச் செய்தது. ஒரே நாளில் கையைக் கழுவவில்லை. 2009-இல் பத்தில் ஒரு பங்கு இடங்களை அரசிடம் கொடுத்தார்கள், 2011-இல் இன்னும் இரண்டு பங்கு, மீதி ஏழு பங்கை 2012-இல். அதைவிட முக்கியம், கொடுப்பதற்கு முன்பே சம்பளம், ஆள் எண்ணிக்கை, பதிவேடு எல்லாவற்றையும் அரசு விதிமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்களுக்குக் கோபம்தான். சம்பளம் குறைந்தது, தேநீருக்கும் பேருந்துக்கும் இருந்த தொகை போனது. ஆனால் மாறிய அன்றைக்கு எங்கள் வேலை அரசின் செலவுக் கணக்குக்குள் பொருந்தியது. இரண்டு மடங்கு செலவில் ஓடும் ஒன்றை எந்த அதிகாரியும் வாங்கிக்கொள்ள மாட்டார். உங்கள் திட்டத்தில் எது அரசு செலவழிக்கவே முடியாத செலவு என்று இப்போதே பாருங்கள்.

அப்புறம் நடந்த வேதனையையும் சொல்கிறேன். மாறிய முதல் வருடம் எங்களுக்குப் பணம் தவணை தவணையாக வந்தது, ஒரு தடவை நான்கு மாதம் வரவே இல்லை. யார் அலுவலகம் என்று சொல்ல விருப்பமில்லை. எங்கள் அமைப்பை நடத்திய அம்மா நகையை அடகு வைத்துப் பாதிச் சம்பளம் கொடுத்தார். அந்த நான்கு மாதத்தில் மூன்று சக பணியாளர்கள் போய்விட்டார்கள். இரண்டு பேர் திரும்பவே இல்லை. தங்கச்சி, கையில் மிச்சப் பணம் இருந்தால் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஆட்களைப் பிடித்துவைக்க அதை ஒதுக்க முடியுமா என்று கொடுத்தவர்களிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

ஐயா சொன்ன ஸ்டெபென்சி கொசு எங்களுக்குப் பழைய ஆள். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அதுதான். மொட்டைமாடித் தொட்டியையும் கிணற்றையும் மூடச் சொல்லி மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வருவார்கள். அது உங்கள் பக்கம் வந்துவிட்டது என்று படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கிரவல் வீதி எழுதியது:

நான் இப்போது வேலையில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கேள்வியில் வரும் வைத்திய அதிகாரி சொன்னது உண்மை. 2017-இல் நாட்டில் 186,000-க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தபோது எங்களுக்கு வேறு நோய் இருக்கிறது என்பதே மறந்துபோனது. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. காசநோயாளியின் வீட்டுக்குப் போவது எங்கள் கடமைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் தொண்டர்கள் போனதால் எங்களில் சிலர் போவதை விட்டுவிட்டோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. ஆகவே புதுப் பொறுப்பு என்று கேட்காதீர்கள். உள்ள பொறுப்பைத் திரும்ப ஒப்படைக்கிறோம் என்று கேளுங்கள்.

தடுப்பூசியைப் பாருங்கள். ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி 2008-இல், வருமானம் குறைந்த நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் கவி (Gavi) அமைப்பின் உதவியோடு வந்தது. 2016-இலிருந்து முழுச் செலவும் எங்கள் அரசினுடையது. ஊரில் ஒரு தாய்க்குக்கூட அந்த மாற்றம் தெரியாது. ஊசி போடும் கிளினிக்கும் குடும்பநல உத்தியோகத்தரும் எப்போதோ இருந்தார்கள், வெளியிலிருந்து வந்தது மருந்து மட்டும்.

2022-இல் பெற்றோல் இல்லாதபோது எங்கள் பகுதியில் நின்றுபோன வேலைகள் எல்லாம் வாகனத்தை நம்பியவை. சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஆள் இருந்த வேலை நிற்கவில்லை. உங்கள் பெரியவரின் வாய்க்காலுக்கு அருகில் யார் குடியிருக்கிறார் என்று பாருங்கள்.

செம்மண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கிரவல் வீதி அண்ணா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நாங்கள் நல்லது என்று செய்தது இன்னொருவரின் வேலையை மெல்ல எடுத்துவிட்டது என்று யோசித்ததே இல்லை.

எங்களிடமும் கொப்பி இருக்கிறது. ஒன்பது தொண்டர்களிடம் ஒன்பது கொப்பி. இன்னும் பத்துக் கிழமைதான் இருக்கிறது. ஆளணி கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினேன், அது மாகாணத்துக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், எப்போது திரும்பும் என்று தெரியாது. முதலில் எதைச் செய்வது?

குளக்கட்டு எழுதியது:

பிள்ளை, ஆளணிக் கடிதத்தை எழுதுங்கள், அனுப்புங்கள், ஆனால் பத்துக் கிழமைக்குள் பதில் வரும் என்று இருக்க வேண்டாம். புதுப் பதவி உருவாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதற்கு வருடங்கள் போகும். அந்தக் கடிதம் உங்களுக்குப் பிறகு வருபவருக்கானது.

முதல் வேலை நோயாளர் பட்டியல். டிசம்பர் 31-இல் மருந்து முடியாமல் இருக்கப்போகிறவர்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இன்னொரு பெயர் வரவேண்டும். "சுகாதாரத் திணைக்களம்" என்று எழுதினால் அங்கே ஒருவரும் இல்லை என்றுதான் அர்த்தம். இந்தப் பரிசோதகர், இந்த மருந்தகத்தில் உள்ள இந்த உத்தியோகத்தர், அடுத்த வீட்டு இந்தப் பெண் என்று ஆளாக எழுதுங்கள். அந்த ஆளை நீங்களே கூட்டிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கு இரண்டு தடவையாவது போக வேண்டும். தாளில் கையளித்தால் நோயாளிக்கு அது தெரியாது. புது முகம் வாசலில் வந்து நின்றால் கதவு திறக்கமாட்டார், அதிலும் காசநோய் என்றால் அயலவருக்குத் தெரியக்கூடாது என்ற பயம் வேறு.

மோட்டார் சைக்கிள் பத்திரங்களை இந்தக் கிழமையே தொடங்குங்கள். கொடுத்தவர்களின் சம்மதக் கடிதம், பெயர் மாற்றம், அரசின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றும் இழுக்கும். பதிவேட்டில் ஏறினால்தான் பெற்றோலும் திருத்தச் செலவும் கேட்க முடியும். மூன்றில் ஒன்று மாறினால்கூடப் பெரிய விசயம்.

சளி மாதிரிக்குத் தனி வாகனம் கேட்காதீர்கள். உங்கள் பகுதி வைத்தியசாலைகளிலிருந்து நகரத்துக்கு எந்த நாள் எந்த வண்டி போகிறது என்று ஒரு கிழமை உட்கார்ந்து பாருங்கள். மருந்து எடுக்க, நோயாளியை இறக்க, கடிதம் கொண்டுபோக என்று ஏதோ ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த வண்டியில் ஒரு குளிர்ப்பெட்டி வைக்க அனுமதி கேளுங்கள். அதிகாரியால் ஓம் என்று சொல்லக்கூடிய கேள்வி அது.

இனி கொப்பி. அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தால் போதாது. இருமல் நோயாளி வந்தால் தகவல் சொல்லும் கடைக்காரர், கோயில் ஐயர், மாதர் சங்கத் தலைவி எல்லாருக்கும் இப்போதே தொலைபேசி எடுத்து, ஜனவரியிலிருந்து எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்பது தொண்டர்களிடமும் உண்மையைச் சொல்லுங்கள். காசு இல்லாமல் செய்யுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக எழுதி, சுகாதார வைத்திய அதிகாரியின் கையெழுத்தும் வாங்கிக் கொடுங்கள். நாளைக்கு அரசு நியமனம் ஏதாவது வந்தால் அது கை கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. எத்தனை நோயாளரைக் கண்டுபிடித்தோம் என்று மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். எத்தனை பேரின் சளியைப் பார்த்தோம் என்பதை மேலே எழுதுங்கள். நோயாளர் தொகை குறைந்தால் வேலை முடிந்தது என்பார்கள். பார்த்த தொகை குறைந்தால் பார்க்காமல் விட்டோம் என்று தெரியும். 1963-ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரும் எண்ணம் இது.

செம்மண் எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். டிசம்பருக்குப் பிறகும் மருந்து எடுக்க வேண்டியவர்கள் 14 பேர். பதினொரு பெயருக்கு நேரே பெயர் எழுதியாகிவிட்டது. பெரியவரின் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், மூன்று வீடு தள்ளி, வைத்தியசாலையில் சிற்றூழியராக இருக்கும் ஓர் அக்கா குடியிருக்கிறார். நாலு வருடம் அந்த வீதியால் போய் வந்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. பரிசோதகரையும் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் பெரியவர் கதைக்கவில்லை. இரண்டாவது தடவை அக்கா இடியப்பம் கொண்டுபோனார், பெரியவர் அக்காவின் கையாலேயே மருந்தை வாங்கி எடுத்தார்.

குளிர்ப்பெட்டிக்கு வியாழக்கிழமை வண்டியில் அனுமதி கிடைத்தது, கிழமைக்கு ஒரு தடவைதான். மோட்டார் சைக்கிள் கடிதம் இன்னும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. மூன்று பேருக்கு இன்னும் ஆள் இல்லை. அந்த மூவரும் காட்டோரக் குடியேற்றத்தில் இருக்கிறார்கள், பக்கத்தில் அரசு வேலை செய்பவர் ஒருவரும் இல்லை. அப்படியான இடத்தில் என்ன செய்தீர்கள் ஐயா?